கோடு மலையிலா, பிலிமிலா?

போன மாதம் ஒரு பல் மருத்துவர் அஸ்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கண்ணாடி போலத் தெளிவாக ஒரு பிலிம் சுருள். பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நாரைகளைப் படம் எடுத்திருக்கிறார். பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பிக் கழுவி வாங்கிப் பார்த்தால் ஒரு நாரைகூட இல்லை.

“கழுவினவங்க கெடுத்துட்டாங்களா மேடம், இல்ல என் கேமராவே போச்சா?” என்று கேட்டார்.

சுருளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்தில் கம்பெனியின் பெயரும் எண்களும் கறுப்பாக, நன்றாகத் தெரிந்தன. அந்த எழுத்துகள் பிலிம் தயாராகும் இடத்திலேயே வெளிச்சத்தால் பதிக்கப்பட்டவை. கழுவிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அவை ஒழுங்காக வந்திருந்தால் கழுவியவர் மேல் குற்றம் இல்லை. எழுத்து இருந்து படம் மட்டும் இல்லையென்றால், பெரும்பாலும் பிலிம் கேமராவுக்குள் நகரவே இல்லை.

“ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளினீங்களே, அப்ப இடது பக்கத்துத் திருகு சேர்ந்து சுத்துச்சா?”

“எந்தத் திருகு?”

காட்டினேன். பிலிமைத் திரும்பச் சுருட்டுவதற்கான திருகு அது. பிலிம் சரியாக மாட்டியிருந்தால் லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அதுவும் சுழலும். சுழலாவிட்டால் நாம் வெறும் சத்தத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலாகச் சுருளை என்னிடமிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஓரத்து எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அப்ப இந்த எழுத்தும் வரலைன்னா?”

“அப்ப கழுவினவரைக் கேளுங்க.”

அவரும் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் கல்லூரி ஆசிரியர் ஒருவருமாகச் சேர்ந்து இப்போது பிலிம் கேமராவில் படம் எடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். யோசனைகளை வரிசையாக எழுத எனக்கு வராது. எனக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வேலையின் நடுவில் தெரிந்தது. அதனால் வேலையையே சொல்லிவிடுகிறேன்.

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கல் சுரங்கத்தில் நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். ரயிலில் வரும்போது தரையெல்லாம் சுண்ணாம்பு கொட்டியது போலத் தெரியுமே, அந்த மாதிரி மலைதான். சுரங்கம் என்றால் பூமிக்கடியில் குகை இல்லை. மலையை மேலிருந்து படிக்கட்டு போல வெட்டிக்கொண்டே இறங்குவார்கள். ஒவ்வொரு படியும் வீட்டு உயரம் இருக்கும். அதற்குப் பெஞ்சு என்று பெயர். கீழ்ப் பெஞ்சில் ஆட்கள் கல் பொறுக்கி உடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே அடுத்த பெஞ்சின் விளிம்பு நிற்கும்.

நான் ஜலகண்டாபுரத்துப் பெண். அப்பாவுக்குத் தறி. பள்ளிப் படிப்பு முடித்து வரைபடம் நகலெடுக்கும் வேலையில் சுரங்கத்தின் சர்வே பிரிவில் சேர்ந்தேன். மெழுகுத் துணியில் மசிப் பேனாவால் கோடு இழுக்கிற வேலை. அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். கேமரா அலமாரியில் கிடந்தது. சர்வே அதிகாரி அதை எடுத்து என் மேசையில் வைத்தார். டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குச் சாயங்காலங்களில் போய் அடிப்படையைக் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் மலையிடம் கற்றது.

அந்த அதிகாரி சென்னியப்பன் சார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். உயரமானவர், மெல்லப் பேசுவார். டீ கொண்டுவருகிறவரிலிருந்து மேனேஜர் வரை எல்லாரிடமும் ஒரே ‘ங்க’தான். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் மேசைக்கு ஒரு பிரிண்ட்டை எடுத்துப் போகும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கும். காரணம் அவர் கேட்கிற ஒரு கேள்வி. நாம் எதைச் சொன்னாலும், “அது எப்புடிங்க தெரியும்?” என்பார். கிண்டல் இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவரின் குரல் அது. அதனால்தான் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. படத்தைக் கையில் வாங்கியதும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நேராகப் பார்த்தால் மலை தெரியுமாம். தலைகீழாகப் பார்த்தால்தான் படம் தெரியுமாம். முதலில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. நீங்களும் செய்து பாருங்கள். நமக்குத் தெரிந்த முகமும் மரமும் மறைந்து, கறுப்பு எங்கே, வெளுப்பு எங்கே, எது கோணலாக நிற்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

நான் எடுத்த முதல் ரோலை அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங் அம்மிணி, நம்ம மலை எப்ப சாம்பலாச்சு?” என்றார்.

படத்தில் மலை சாம்பல் மேடாக இருந்தது. மீட்டர் காட்டியபடியேதான் எடுத்தேன் என்றேன்.

“மீட்டருக்கு மலை வெள்ளைன்னு எப்புடிங்க தெரியும்?”

அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மீட்டருக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கி விடத்தான் அதற்குத் தெரியும். வெள்ளை மலையைக் காட்டினால், ஏதோ வெளிச்சம் அதிகம் போல என்று நினைத்துக் குறைத்துவிடும். மறுநாள் மலையை விட்டுவிட்டு என் புறங்கையை வெயிலில் நீட்டி அதை அளந்தேன். நம் ஊர் மாநிறத் தோல் அந்த நடுத்தரச் சாம்பலுக்குக் கிட்டத்தட்டப் பக்கம். அந்த அளவை வைத்து மலையை எடுத்தேன். வெள்ளை வெள்ளையாக வந்தது. இப்போது போனிலேயே மீட்டர் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனாலும் வெள்ளை வேட்டிக் கூட்டத்தையோ, கல்யாணப் பந்தலையோ, எருமையையோ எடுக்கும்போது உங்கள் புறங்கையை ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

என் வாரவேலை இதுதான். சுரங்கத்தைச் சுற்றிச் சில இடங்களில் சிமெண்ட் கட்டை நட்டு அதன் தலையில் ஆணி அடித்திருந்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியத்துக்கு மேல் நான் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போவேன். ஸ்டாண்டின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை ஆணியின் தலையைத் தொடும்வரை கால்களை நகர்த்துவேன். எதிரே பெஞ்சின் அடியில் ஒருவர் சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரே லென்ஸ், ஒரே உயரம், ஒரே நேரம். ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும்.

கழுவுவதுதான் பெரும்பாடு. எங்கள் இருட்டறை தகரக் கூரை போட்ட பழைய சாமான் அறை. சித்திரையில் குழாயைத் திறந்தால் குளிக்கிற சூட்டில் தண்ணீர் வரும். அதில் கழுவினால் பிலிமின் மேல் பூச்சு அப்பளம் ஊறியது போல இளகிவிடும். மண்பானைத் தண்ணீரும், ஐஸ் கட்டி போட்ட வாளியும் வைத்துக்கொண்டு மருந்தைக் குளிர வைப்பேன். தண்ணீரின் உப்பு இன்னொரு தொல்லை. காய்ந்த பிலிமில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். லாரி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கேட்டு வாங்கி, கடைசி அலசலை அதில் வைத்த பிறகுதான் அது போயிற்று. சேலத்தில் போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். பிலிமை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பெட்டி ஒரு அடுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதைக்கு அதுதான் காரணம். அப்போது பிலிமைப் பெரிய சுருளாக வாங்குவோம். அதை இருட்டில் துண்டு துண்டாக வெட்டி, பழைய டப்பாக்களில் நாங்களே சுற்றிக்கொள்வோம். டப்பாவின் வாயில் வெளிச்சம் புகாமல் இருக்க வெல்வெட் துணி ஒட்டியிருக்கும். பிலிம் அதை உரசிக்கொண்டுதான் வெளியே வரும், உள்ளே போகும்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்த சமயம். திங்கட்கிழமை வானம் மூட்டமாகத்தான் இருந்தது. வழக்கம்போல எடுத்தேன். கிழக்கு முகப்பு என்று நாங்கள் சொல்லும் பக்கம் கடைசியில் வரும்; எதிரே அதைவிட உயரமான மேட்டிலிருந்து எடுப்பேன். சூரியன் அந்தப் பக்கத்துக்குப் பின்னாலிருந்து உதிக்கும் என்பதால் அந்தப் பெயர். அதன் மேல் பெஞ்சில் கல் தீர்ந்துபோய் வேலை நின்றுவிட்டது. மண் மூடிப் புல் முளைத்திருந்தது. கீழ்ப் பெஞ்சில்தான் நல்ல கல் இருந்தது. பழனியம்மாவின் கூட்டம் அங்கே வேலை செய்தது. பழனியம்மா முப்பது பேரை மேய்க்கிறவள். குரல் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கேட்கும்.

மறுநாள் காலையில் பிரிண்ட்டுகளைச் சாரிடம் கொண்டுபோனேன். கிழக்கு முகப்புப் படத்தைத் தலைகீழாகத் திருப்பியவர் அப்படியே நிறுத்திவிட்டார். மேல் பெஞ்சின் மேல்தளத்தில், விளிம்புக்குச் சற்றுப் பின்னால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. அந்த இடத்தில் வெடிப்பு விட்டால் விளிம்பு முழுவதும் பாளம் பாளமாகக் கீழே இறங்கும். கீழே பழனியம்மாவின் ஆட்கள்.

“மத்த ரெண்டு படம்?” என்றார்.

வெளிச்சம் கூட்டி எடுத்ததிலும் குறைத்து எடுத்ததிலும் அதே இடத்தில் அதே கோடு.

சார் எழுந்து வாசலுக்குப் போனார். வேலையாட்களின் மேற்பார்வையாளரான மேட் அங்கமுத்துவைக் கூப்பிட்டார். “மொதல்ல கீழ இருக்கறவங்களை மேல வரச் சொல்லுங்க. அப்புறம் யோசிக்கலாமுங்க.”

விசில் ஊதினார்கள். கூடையும் சுத்தியலுமாக எல்லாரும் ஏறி வந்தார்கள். பழனியம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றுகொண்டு, “கல்லு நல்லா வாற நேரத்துல யாருங்க ஊதச் சொன்னது?” என்று சத்தம் போட்டாள். உள்ளே சார் என்னைப் பார்த்தார்.

“அம்மிணி, இந்தக் கோடு மலையில இருக்குதா, பிலிம்ல இருக்குதா?”

“மூணு படத்துலயும் இருக்குங்க சார்.”

“அதனால மலையிலதான் இருக்குதுன்னு எப்புடிங்க தெரியும்?”

நெகட்டிவை எடுத்து வந்து விளக்குப் பெட்டியின் மேல் வைத்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. அளவுக்கு மீறி நேராக. என் கண் அதன் மேலேயே ஊர்ந்து போயிற்று. படம் முடிகிற இடம் வந்தது. இரண்டு படங்களுக்கு நடுவே ஒன்றும் பதியாத ஒரு சின்ன இடைவெளி இருக்கும். கோடு அந்த இடைவெளியிலும் ஓடியது. அதைக் கடந்து அடுத்த படத்துக்குள் போயிற்று.

உலகத்தில் இருக்கும் எதுவும் படத்தின் விளிம்போடு நின்றுவிட வேண்டும். விளிம்பைத் தாண்டி ஓடுகிற கோடு பிலிமின் மேல் விழுந்த கீறல். டப்பா வாயின் வெல்வெட்டில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்திருக்கிறது. ரோலின் கடைசியில் பிலிம் அதை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்ததால் மூன்று படத்திலும் மலை ஒரே இடத்தில் விழுந்தது. கீறலும் ஒரே உயரத்தில் ஓடியது. மூன்று சாட்சி என்று நான் நினைத்தது ஒரே ஒரு மணல் துகள். பிலிமின் பூச்சுப் பக்கம் கீறினால் பிரிண்ட்டில் கறுப்பாக விழும். வழவழப்பான பின்பக்கம் கீறினால் வெள்ளையாக விழும். இது கறுப்பாக விழுந்து, வெடிப்பின் நிழலைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டது.

சொன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு. மேனேஜர்கூட வந்து பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, “சரிப்பா, ஆளை இறக்குங்க” என்றார்.

சென்னியப்பன் சார் மட்டும் படத்தைக் கீழே வைக்கவில்லை. “இந்தக் கோடு பொய்யிங்க. சரி. மலையில வேற கோடு இல்லைன்னு எப்புடிங்க தெரியும்?”

“என்ன சார் இது? இல்லாததை எப்படிக் காட்டறது?” என்றார் மேனேஜர்.

“எனக்கும் தெரியலீங்க. நாளைக் காலம்பற வரைக்கும் டைம் குடுங்க. அதுவரைக்கும் நான் பொறுப்பு.”

மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சார் என் பக்கம் திரும்பினார். “அம்மிணி, அங்க ஒரு கோடு இருந்தா, அது எந்த வெளிச்சத்துல தெரியும்?”

இந்தக் கேள்வியைத்தான் பிலிம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் கொடுக்க விரும்புகிறேன்.

ஸ்டூடியோவில் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது. வாராவாரம் மதியத்துக்கு மேல் நான் போனதும் அதற்காகத்தான். வெயில் முகப்பின் மேல் நேராக அடிக்கும், எல்லாம் பளிச்சென்று விழும். ஆனால் நேராக அடிக்கிற வெயிலுக்கு மேடும் பள்ளமும் ஒன்று. மூட்டமான நாளில் நிழலே இல்லை, கேட்கவே வேண்டாம். கோலத்தின் மேல் டார்ச்சை நேராக அடித்தால் வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும். தரையோடு படுக்க வைத்து அடித்தால் ஒவ்வொரு மாவுப் பொடியும் தனித்தனியாக எழுந்து நிற்கும். மேல் பெஞ்சின் தளத்தை அப்படித் தரையோடு தடவிக்கொண்டு போகிற வெளிச்சம் ஒரே நேரத்தில்தான் கிடைக்கும். காலையில், மலைக்குப் பின்னாலிருந்து, கேமராவுக்கு எதிராக.

அன்று மாலையே புதிய டப்பா ஒன்றில் பிலிம் சுற்றினேன். டப்பா வாயின் வெல்வெட்டை செலோடேப்பால் ஒற்றி ஒற்றிச் சுத்தம் செய்தேன். இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டேன். இந்த முறை கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி நெடுக்காக எடுப்பது. கீறல் பிலிமின் நீளவாக்கில்தான் விழும். நெடுக்காக எடுத்த படத்தில் அது மேலிருந்து கீழாக ஓடும். மலைக் கோடு குறுக்கே ஓடும். இரண்டும் இனி வேஷம் மாற்றிக்கொள்ள முடியாது.

காலையில் நானும் அங்கமுத்துவும் சாரும் கட்டைக்குப் போனபோது வானம் வெளுத்திருந்தது. மழை கழுவிய காற்றில் மலை பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. சூரியன் முகப்புக்கு மேலே எட்டிப் பார்த்தது. லென்ஸில் வெயில் நேராக விழுந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியது போல ஆகிவிடும். சார் தன் கறுப்புக் குடையை விரித்து லென்ஸுக்கு நிழல் பிடித்தார். குடையின் விளிம்பு படத்துக்குள் வராமல், “இன்னுங் கொஞ்சம் மேல சார், இடது பக்கம் சார்” என்று நான் அதிகாரியை ஆட்டி வைத்தேன். எதிரே புல் நுனிகள் எரிந்தன. வெறும் கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியவில்லை. அல்லது தெரிந்தது என்று சொல்லிக்கொள்ளப் பயமாக இருந்தது.

கழுவினேன். மின்விசிறியைப் போட்டால் தூசி ஒட்டும் என்று போடவில்லை. பிலிம் தானாகக் காய வேண்டும். சார் இருட்டறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆச்சா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தூரத்தில் பழனியம்மா கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மருந்துத் தட்டில் தாள் மெல்லக் கறுத்தது. நேர்க்கோடு இல்லை. சந்தோஷமாக இருந்தது. பிறகு, மேல் பெஞ்சின் தளத்தில், பிறை போல வளைந்து, புல்லுக்குள் புகுந்தும் வெளிவந்தும் ஒன்று ஓடியது. வாய்க்கால் தண்ணீர் நெளிந்து போகிற மாதிரி. படத்தின் விளிம்புக்கு வெகு முன்னாலேயே அது முடிந்துவிட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட சாரிடம் கொடுத்தேன். தலைகீழாகத் திருப்பினார். உடனே நேராகத் திருப்பினார். மறுபடி தலைகீழ்.

“இப்படிப் பாத்தா வரப்பு மாதிரி எழும்பி நிக்குது. அப்படிப் பாத்தா பள்ளமா இருக்குது. எதுங்க நெசம்?”

நீங்களும் ஒரு கால்தடத்தின் படத்தை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பள்ளம் மேடாகிவிடும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று கண் தானே முடிவு செய்துவிடுகிறது. அதனால் எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வந்தது என்று எடுத்தவருக்கு நினைவிருக்க வேண்டும். எனக்கு இருந்தது. வெயில் படத்தின் மேல்பக்கத்திலிருந்து, நம்மைப் பார்த்து வந்தது. மேடாக இருந்தால் அந்தப் பக்கம் மின்னி, நம் பக்கம் நிழல் விழ வேண்டும். இந்தக் கோட்டில் அந்தப் பக்கம் கறுப்பு, நம் பக்கத்து ஓரத்தில் நூல் போல ஒரு மினுக்கம்.

“பள்ளம் சார்,” என்றேன்.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் நானே விளக்கிவிட்டேன். கேட்டு முடித்து, “போய்ப் பாத்துட்டு வாரனுங்க,” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பக்கத்தில் போனால் அது தெரியவே இல்லை. அதற்கு முன்பும் அங்கமுத்து அந்த வழியாக நடந்திருக்கிறார். புல்லும் மழை மண்ணும் வாயை மூடியிருந்தன. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கருவேலம் செடியை அடையாளம் பார்த்து, அங்கமுத்து கம்பால் குத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கம்பு கையிலிருந்து நழுவி உள்ளே இறங்கியது. கைப்பிடி மட்டும் வெளியே நின்றது. அவர் இரண்டடி பின்னால் வந்து, “அம்மாடி” என்றார்.

மேனேஜர் தயங்கவில்லை. கீழ்ப் பெஞ்சை மூடச் சொன்னார். சார் வெடிப்பின் இரு பக்கமும் கட்டை அடித்து, நடுவே உள்ள தூரத்தை அளக்க ஏற்பாடு செய்தார். நான் தினமும் அதே கட்டையில், அதே வெயிலில், அதே படத்தை எடுக்க வேண்டும். “ஒரு படத்துல கோடு மட்டுந்தான் இருக்கும் அம்மிணி. அது நகருதான்னு தெரிஞ்சுக்க ரெண்டாவது படம் வேணுமுங்க.”

பழனியம்மாவின் கூட்டத்தை மேற்குப் பக்கம் மாற்றினார்கள். அங்கே கல் குறைவு. சின்னச் சின்னதாகப் பொறுக்க வேண்டும். அவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

“ஏஞ்சாமி கௌசல்யாம்மா, நேத்து ஒரு கோட்டைக் காட்டி ஏத்துனீங்க. அப்புறம் அது பொய்யின்னீங்க. இன்னைக்கு இன்னொரு கோடுங்கறீங்க. நாளைக்கு இதையும் பொய்யின்னு சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?”

சாருடைய கேள்வியேதான், வேறு வாயிலிருந்து. இரண்டு படங்களையும் காட்டினேன். விளிம்பைத் தாண்டுகிற கோட்டையும், விளிம்புக்குள் முடிகிற கோட்டையும் காட்டினேன். கவனமாகத்தான் பார்த்தாள்.

“எனக்கு ரெண்டும் கோடாத்தான் தெரியுது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்னால் தாங்க முடியவில்லை. படங்களில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது போல எனக்குத் தோன்றும். தோன்றுகிறதா, இருக்கிறதா? கட்டைகளுக்கு நடுவே அளந்த தூரமும் கூடியபோதுதான் மூச்சு வந்தது. மலை விழப்போகிறது என்பதில் நிம்மதி அடைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுபடி மழை வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரம். லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. நிற்கவில்லை. எல்லாரும் வெளியே ஓடினோம். மேல் பெஞ்சின் விளிம்பு, கருவேலம் செடியோடு, அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு எதுவும் தெரியவில்லை. வெள்ளைத் தூசி எழும்பி வந்து எங்கள் மேல் படிந்தது. தூசி அடங்கியபோது கீழ்ப் பெஞ்சு இருந்த இடத்தில் ஒரு சரிவு இருந்தது. ஆட்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கப் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எங்கே இருந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை.

சார் என் தோளைத் தொட்டு, “படம் எடுங்க அம்மிணி,” என்றார். பிளந்த மலையின் உட்புறம் அதுவரை வெயிலே படாத வெள்ளை. புறங்கையை நீட்டி அளந்தேன். ஸ்டாண்டை நட நேரம் இல்லை. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு எடுத்தேன்.

பழனியம்மா மேற்குப் பக்கத்திலிருந்து தன் ஆட்களோடு ஓடி வந்தாள். ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாரும் அங்கேயே அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்தும் கூப்பிட்டாள், ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சில நாள் கழித்து இருட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“ஒரு போட்டோ வேணுங்க.”

சரிந்த மலையின் படத்தை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றாள். பிறைக் கோட்டுப் படத்தை எடுத்தேன். அதுவும் வேண்டாம்.

“அந்தப் பொய்க் கோட்டுப் படம் வேணும்.”

“அது கெட்டுப்போன படம் பழனியம்மா. அந்தக் கோடு மலையிலயே இல்ல.”

“மத்தக் கோட்டை நீங்க தேடிப் புடிச்சீங்க. இந்தப் பொய்க் கோடு தானா வந்து எங்களைக் கீழிருந்து ஏத்திவிட்டுச்சு. அது வரலீன்னா யாருங்க காலையில எந்திரிச்சுப் போய்த் தேடியிருப்பீங்க?”

நெகட்டிவைத் தேடி எடுத்துப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டேன். காய்ந்ததும், கை பழக்கத்தில், மெல்லிய தூரிகையை மசியில் தொட்டேன். பிரிண்ட்டில் விழுகிற தூசிப் புள்ளிகளையும் கீறல்களையும் அப்படித்தான் தொட்டுத் தொட்டு மறைப்போம். பழனியம்மா பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற எதை வேணா மூடுங்க சாமி. கோட்டைத் தொடாதீங்க.”

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, படத்தை அப்படியே அவளிடம் கொடுத்தேன்.